வெளிநாட்டுக் காசு ஓட்டுப்பெட்டிக்கு எந்த வழியாக வரும்?

2025 பிப்ரவரி 16 அன்று அமெரிக்க அரசின் செலவுக் குறைப்பு அமைப்பான டோஜ், தான் ரத்து செய்த உதவித்தொகைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் ஒரு வரி: இந்தியாவில் வாக்குப்பதிவுக்காக 21 மில்லியன் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 180 கோடி ரூபாய். டீக்கடை பெஞ்சில் இருந்து டிவி விவாதம் வரை கொஞ்ச நாள் இதே பேச்சுதான். எந்தக் கட்சி வாங்கியது, எந்தத் தொண்டு நிறுவனம் விழுங்கியது என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

கணக்கு எழுதுகிறவர்கள் முதலில் தொகையைத்தான் பார்ப்போம். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 97 கோடி. 180 கோடியைப் பிரித்துக் கொடுத்தால் தலைக்கு இரண்டு ரூபாய்கூட வராது. இப்போது நம்ம ஊர் ரேட்டைப் பாருங்கள். 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலைப் பற்றிச் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் தன் தலைமைக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. 2011இல் அது விக்கிலீக்ஸ் வழியாக வெளியே வந்தது. காலைப் பத்திரிகைக்குள் கவர், கவருக்குள் பணமும் பூத் சிலிப்பும், ஓட்டுக்கு 5000 ரூபாய் என்று அதில் எழுதியிருந்தது. 2 லட்சம் ஓட்டு உள்ள ஒரு தொகுதிக்கு அந்த ரேட்டைப் போட்டால் 100 கோடி. டோஜ் சொன்ன மொத்தப் பணமும் இரண்டு தொகுதிக்குக் காணாது. மதுரை மாவட்டத்தில் மட்டும் 10 தொகுதி இருக்கிறது. ஓட்டுக்குக் காசு கொடுக்க இங்கே யாரும் அமெரிக்காவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. அமெரிக்கர்கள்தான் நம்மைப் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்த 21 மில்லியன் இந்தியாவுக்கே வரவில்லை என்பது பிறகு தெரிந்தது. இந்தியன் எக்ஸ்பிரஸ் ஆவணங்களைத் தோண்டி எடுத்து, அது 2022இல் வங்கதேசத்துக்கு ஒதுக்கிய பணம் என்று எழுதியது. 2014 முதல் 2024 வரை வாக்குப்பதிவுக்காக இந்தியாவில் அப்படி ஒரு தொகை வாங்கவோ கொடுக்கவோ இல்லை என்று அமெரிக்கத் தூதரகம் சொன்னதை, 2025 ஆகஸ்டில் நம் வெளியுறவுத் துறை மாநிலங்களவையில் வைத்தது. 2012இல் தேர்தல் ஆணையமும் ஐஎஃப்இஎஸ் என்ற அமெரிக்க அமைப்பும் போட்ட ஒப்பந்தத்தையும் இதில் இழுத்துவிட்டார்கள். அதில் பணமே கிடையாது என்று அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் குரேஷி மறுத்தார்.

அப்படியானால் வெளிநாட்டு அரசுகள் அடுத்த நாட்டுத் தேர்தலில் காசு இறக்குவது கட்டுக்கதையா? இல்லவே இல்லை. டோவ் லெவின் என்ற ஆய்வாளர் 1946 முதல் 2000 வரையிலான தேர்தல்களை எடுத்துக் கணக்குப் போட்டார். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ரஷ்யாவும் ஒரு தரப்புக்குச் சாதகமாகத் தலையிட்ட தேர்தல்கள் 117. அதில் 81 அமெரிக்கா, 36 மாஸ்கோ. போட்டி உள்ள தேசியத் தேர்தல்களில் ஒன்பதில் ஒன்று என்று ஆகிறது. சராசரியாக 3 சதவீத ஓட்டு திரும்பியிருக்கிறது. அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: உள்ளூரில் கை நீட்டி வாங்கத் தயாராக ஒரு தரப்பு இல்லாமல் இந்தத் தலையீடு நடப்பதில்லை. ஆகவே வெளியே இருந்து யார் கொடுத்தார் என்று தேடுவதைவிட, உள்ளே எந்தத் தலைப்பில் வரவு வைத்தார்கள் என்று பார்த்தால் சீக்கிரம் பிடிபடும்.

பழைய முறை பை முறை. 1948 ஏப்ரல் இத்தாலித் தேர்தலில் கம்யூனிஸ்ட்கள் ஜெயித்துவிடக் கூடாது என்று சிஐஏ அரசியல்வாதிகளிடம் பணப்பைகளையே நேரில் கொடுத்தது. 1964 சிலியில் இன்னும் கொஞ்சம் ஒழுங்காகச் செய்தார்கள். அமெரிக்க செனட்டின் சர்ச் கமிட்டி 1975இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அதிபர் வேட்பாளர் எடுவர்டோ ஃப்ரேயின் பிரசாரச் செலவில் பாதிக்கு மேல் சிஐஏ பணம், சுமார் 26 லட்சம் டாலர். அது போஸ்டர், ரேடியோ விளம்பரம், துண்டறிக்கை, சுவரெழுத்து, பெண்கள் அமைப்புகள் என்று போனது. செலவுத் தலைப்புகளைப் பாருங்கள், நம்ம ஊர் ஒன்றியச் செயலாளர் நோட்டில் இருப்பதேதான். இந்தியாவிலும் நடந்தது என்று சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹான், கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் கம்யூனிஸ்ட்களுக்கு எதிராக இரண்டு முறை காங்கிரஸ் கட்சிக்குப் பணம் கொடுத்ததாக 1978இல் எழுதினார்.

1983க்குப் பிறகு பைக்குப் பதில் மானியம் வந்தது. அமெரிக்காவில் ஜனநாயகத்துக்கான தேசிய நிதியம், என்இடி, தொடங்கினார்கள். 25 வருடத்துக்கு முன்னால் சிஐஏ ரகசியமாகச் செய்ததில் நிறைய இப்போது நாங்கள் வெளிப்படையாகச் செய்கிறோம் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆலன் வைன்ஸ்டீன் 1991இல் சொன்னார். வேட்பாளரின் பிரசாரத்துக்கு இந்தப் பணத்தைக் கொடுக்கக் கூடாது என்று அதன் சட்டத்திலேயே இருக்கிறது. பணம் போகும் பாதை இப்படி: அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கும், ஒரு அரசு அமைப்பு அதை வாஷிங்டனில் உள்ள பெரிய நிறுவனத்துக்குக் கொடுக்கும், அது நாட்டு அளவில் ஒரு கூட்டாளிக்குக் கொடுக்கும், அவர் உள்ளூர்ச் சங்கத்துக்குத் துணை மானியம் கொடுப்பார். கடைசியில் கிராமத்தில் நடப்பது ஒரு அரை நாள் பயிற்சி. மேலே ஒவ்வொரு கையிலும் நிர்வாகச் செலவு கழிந்துகொண்டே வரும்.

இந்த முறையில் பொய்க் கணக்கே தேவையில்லை என்பதுதான் சிக்கல். வாக்காளர் விழிப்புணர்வு என்ற தலைப்பு நிஜமாகவே விழிப்புணர்வாக இருக்கலாம். ஆனால் எந்த ஒன்றியத்தில், எந்தச் சமூகத் தெருவில், யாருக்கு ஓட்டு விழும் பூத்துகளில் பதிவை உயர்த்துவது என்று தேர்ந்தெடுத்தால், ஒரு கட்சியின் பெயரையும் சொல்லாமல் முடிவைத் திருப்பலாம். வவுச்சர் சுத்தமாக இருக்கும், ஊர்ப் பட்டியலில்தான் விஷயம் இருக்கும். ஆடிட்டர்கள் ஊர்ப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை.

மூன்றாவது வழி கடன், கம்பெனி. 2014இல் பிரான்சின் தேசிய முன்னணிக் கட்சி, உள்ளூர் வங்கிகள் கடன் தரவில்லை என்று சொல்லி ஒரு ரஷ்ய வங்கியிடம் 90 லட்சம் யூரோவுக்கு மேல் கடன் வாங்கியது. 2017இல் பிரான்ஸ் சட்டத்தையே மாற்றி, ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள வங்கிகளிடம் கட்சிகள் கடன் வாங்குவதைத் தடுத்தது. நமக்குப் பக்கத்தில் இலங்கை. 2015 அதிபர் தேர்தலில் மகிந்த ராஜபக்சவின் பிரசாரத்துக்குச் சீன அரசின் துறைமுகக் கட்டுமான நிறுவனத்தின் கணக்கில் இருந்து குறைந்தது 76 லட்சம் டாலர் போனதாக 2018இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ராஜபக்ச தரப்பும் நிறுவனமும் மறுத்தன. அந்தச் செய்தியில் இருந்த செலவு விவரம்தான் ருசியானது: டி-ஷர்ட்டுக்கும் விளம்பரப் பொருளுக்கும் 6,78,000 டாலர், சேலை உள்ளிட்ட பரிசுகளுக்கு 2,97,000 டாலர், ஆதரவாகப் பேசிய ஒரு பிக்குவுக்கு 38,000 டாலர். சீனத் துறைமுகக் கம்பெனியின் லெட்ஜரில் சேலை எந்தத் தலைப்பில் ஏறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

புது வழி செல்போன். 2024 அக்டோபர் மால்டோவா தேர்தலுக்கு முன்னால், செப்டம்பர் ஒரே மாதத்தில் 1,30,000 பேருக்கு மேல், ஒரு ரஷ்ய வங்கி வழியாக 1.5 கோடி டாலர் போனதாக அந்த நாட்டுப் போலீஸ் சொன்னது. ஆள் சேர்த்ததும் வேலை கொடுத்ததும் டெலிகிராமில். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வது பற்றி அங்கே நடந்த வாக்கெடுப்பு 50.35 சதவீதத்தில் தப்பிப் பிழைத்தது. இங்கே கவர், அங்கே ஆப், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நம் நாட்டுச் சட்டம். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம், எஃப்சிஆர்ஏ, நெருக்கடி நிலைக் காலத்தில் 1976இல் வந்தது. 2010இல் புதிதாக எழுதினார்கள், 2020இல் இறுக்கினார்கள். வேட்பாளர், சட்டமன்ற நாடாளுமன்ற உறுப்பினர், கட்சி, கட்சிப் பொறுப்பாளர், பத்திரிகை ஆசிரியர், நீதிபதி, அரசு ஊழியர் யாரும் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது. மீறினால் 5 வருடம் வரை சிறை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29பி பிரிவும் கட்சிகளுக்கு இதையே சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால் ஸ்டெர்லைட் கதை தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு ஓட்டை தெரியும். தூத்துக்குடி ஆலையை மட்டும் நினைக்காதீர்கள், அதே கம்பெனியின் நன்கொடைக் கணக்கு. லண்டனில் இருந்த வேதாந்தாவின் துணை நிறுவனங்களான ஸ்டெர்லைட்டும் சேசா கோவாவும் காங்கிரசுக்கும் பாஜகவுக்கும் கொடுத்த நன்கொடை வெளிநாட்டுப் பணம்தான், இரண்டு கட்சியும் சட்டத்தை மீறின என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014 மார்ச் 28 அன்று சொன்னது. என்ன ஆனது? 2016 நிதிச் சட்டத்தில் வெளிநாட்டு மூலம் என்ற சொல்லுக்கே விளக்கத்தை மாற்றினார்கள். பாதிக்கு மேல் பங்கு வெளிநாட்டவரிடம் இருந்தாலும், அந்நிய முதலீட்டு வரம்புக்குள் இருந்தால் அந்தக் கம்பெனி வெளிநாட்டு மூலம் இல்லை. அதை 2010 செப்டம்பரில் இருந்து செல்லும் என்றார்கள். பழைய நன்கொடைகள் சில அதற்கும் முந்தியவை என்று தெரிந்ததும், 2018இல் தேதியை 1976 ஆகஸ்ட் 5க்குத் தள்ளினார்கள். 42 வருடத்துக்குப் பின்தேதியிட்ட ரசீது. ஒரு சின்ன டிரஸ்ட் பின்தேதியிட்டு ஒரு வவுச்சர் எழுதினால், வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவே போய்விடும்.

இதன் விளைவு, இலங்கையில் நடந்ததாகச் சொன்ன அதே வகைப் பணம், ஒரு வெளிநாட்டு அரசுக் கம்பெனியின் இந்தியத் துணை நிறுவனம் வழியாக வந்தால், எஃப்சிஆர்ஏ கண்ணில் அது உள்நாட்டுப் பணம். மிச்சம் இருக்கும் வேலி கம்பெனிச் சட்டம்தான். மூன்று வருடச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்ற வரம்பை 2017இல் தூக்கினார்கள். 2024 பிப்ரவரி 15 தேர்தல் பத்திரத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தையும் சேர்த்து ரத்து செய்தது.

ஆக, வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறோம். மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கம் வெளிநாட்டு நன்கொடையில் பெண்கள் குழு, மாலை வகுப்பு, கண்மாய் தூர்வாருதல் என்று நடத்தும் டிரஸ்ட்கள்தான் அந்த ஜன்னல். கம்பி எனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அது இருக்கிறவரை கை வெட்டுப்படாமல் இருப்பது எப்படி என்பதுதான் இங்கே நடைமுறைக் கேள்வி.

பலரும் தடுக்கி விழுவது உள்ளாட்சித் தேர்தலில். எஃப்சிஆர்ஏவில் சட்டமன்றம் என்ற சொல்லுக்குள் நகராட்சியும் ஊராட்சியும் அடக்கம். கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, அதனால் அது அரசியல் இல்லை என்று நினைத்துக்கொண்டு டிரஸ்ட் செயலாளர் வார்டு உறுப்பினருக்கு மனு போட்டுவிடுகிறார். மனு ஏற்கப்பட்ட அன்றைக்கே அவர் சட்டத்தின் கண்ணில் வேட்பாளர். அவர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால், அன்று முதல் வரும் ஒவ்வொரு வரவும் கேள்விக்கு உரியது. நிற்க ஆசை இருந்தால் மனுவுக்கு முன்பே ராஜினாமா, அதை ஏற்றுக் கூட்டத் தீர்மானம், வங்கியில் கையெழுத்து மாற்றம், பிறகு 45 நாளுக்குள், பொறுப்பாளர் மாற்றத்தைத் தெரிவிக்கும் எஃப்சி-6இ படிவம். இந்த வரிசை முக்கியம். படிவத்தை முதலில் போட்டுவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதினால் தேதிகள் முட்டிக்கொள்ளும். கணவரின் பெயரில் மனு, மனைவி டிரஸ்ட் பொருளாளர் என்றால் சட்டப்படி தடை இல்லை. ஆனால் அந்த மூன்று வாரம் டிரஸ்ட் வண்டியின் லாக் புத்தகத்தில் கிலோமீட்டரும் டீசலும் ஒத்துப்போக வேண்டும். வண்டி பேரையூருக்குப் போனதாக எழுதி, டீசல் பில் வேறு திசையில் இருந்தால், அது வேட்பாளருக்குச் செய்த செலவு என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு ஒரு போட்டோ போதும். வேட்பாளரின் அனுமதி இல்லாமல் அவருக்காக யாராவது செலவு செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா 176ஆம் பிரிவில் அது தனிக் குற்றமும்கூட.

அடுத்தது சொந்தக்காரர்கள். கோயில் கும்பாபிஷேகக் கமிட்டிக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து பணம் வருவது இந்தப் பக்கம் சாதாரணம். சித்தப்பா இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், எத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தாலும், அவர் சம்பளத்தில் இருந்து அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு இல்லை. சிங்கப்பூர் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் அவர் வெளிநாட்டு மூலம், இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். ஊருக்கு வந்து கையில் ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. ரசீதுப் புத்தகத்தில் பாஸ்போர்ட் எந்த நாடு என்று ஒரு கட்டம் அடித்து வைத்தால் பாதித் தலைவலி போகும். பதிவில்லாத அமைப்புக்கு வெளியே இருந்து பணம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் வங்கி உள்துறைக்குச் சொல்ல வேண்டும். அதனால் திருப்பி அனுப்பிவிட்டால் தெரியாது என்ற கணக்கு செல்லாது.

பதிவு உள்ளவர்களுக்குப் பணம் இறங்கும் இடம் ஒன்றுதான், டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள எஸ்பிஐ முதன்மைக் கிளை. அங்கிருந்து மதுரைக் கணக்குக்கு மாற்றிச் செலவு செய்யலாம். அந்தக் கணக்கில் உள்ளூர்ப் பணம் ஒரு ரூபாய்கூட விழக் கூடாது. பெண்கள் குழுவின் கடன் தவணை தவறி அதில் கட்டப்படுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. 2020 முதல் ஒரு டிரஸ்ட் இன்னொரு டிரஸ்டுக்கு இந்தப் பணத்தைக் கை மாற்ற முடியாது. மேலே சொன்ன துணை மானியப் படிக்கட்டு அதோடு இங்கே உடைந்துவிட்டது. சென்னையில் வாங்கி உசிலம்பட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஏற்பாடுகள் முழுக்க நின்றுபோயின. தேர்தல் தலையீட்டைத் தடுத்ததோ என்னவோ, மாலை வகுப்புகளை நிச்சயமாகத் தடுத்தது.

நிர்வாகச் செலவு 20 சதவீதம் என்பதும் 2020இல் வந்தது, அதற்கு முன் 50. இதில் மாட்டிக்கொள்வது இப்படி: வரம்பு அந்த நிதியாண்டில் வந்த தொகைக்குத்தான், கையிருப்புக்கு இல்லை. ஒரு வருடம் 30 லட்சம் வந்தால் 6 லட்சம் வரை செலவு செய்யலாம். அடுத்த வருடம் 8 லட்சம்தான் வருகிறது, போன வருட மீதி 12 லட்சம் இருக்கிறது என்று வையுங்கள். போன வருட நிர்வாகச் செலவு வரம்பில் மிச்சம் எதுவும் இல்லை என்றால், வரம்பு 1,60,000 ரூபாய்தான். வாடகை, மின்சாரம், கணக்கர் சம்பளம், ஆடிட் கட்டணம் சேர்ந்தாலே 3 லட்சத்தைத் தொடும். பல வருடத் திட்டம் என்றால் பணத்தை வருடத்துக்குச் சமமாகப் பிரித்து அனுப்பச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பள்ளி ஆசிரியர், ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளம் நிர்வாகச் செலவில் வராது, திட்டச் செலவு.

வாக்காளர் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவதாக இருந்தால், என் கருத்து, வெளிநாட்டுப் பணத்தில் நடத்தவே வேண்டாம். 40 பேருக்கு டீ, வடை, பேனர், மண்டப வாடகை எல்லாம் உள்ளூர் நன்கொடையிலேயே முடிகிற செலவு. நடத்தினால் நோட்டீஸைக் கவனியுங்கள். ஒரு வேட்பாளருக்கு ஆதரவாகவோ பாதகமாகவோ இருந்தால் அது தேர்தல் துண்டறிக்கை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். வாருங்கள், ஓட்டுப் போடுங்கள் என்பதோடு நின்றால் பிரச்சினை இல்லை. மதுக்கடையை மூடாதவருக்கு ஓட்டில்லை என்று ஒரு வரி சேர்த்தால் அது யாரைச் சொல்கிறது என்று ஊருக்கே தெரியும்.

மறியல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கிறது. பந்த், ரஸ்தா ரோகோ நடத்தும் அமைப்பை அரசியல் தன்மை உள்ளதாக அறிவிக்கலாம் என்று விதி இருந்தது. கட்சி அரசியல் நோக்கம் இல்லாமல் மக்கள் உரிமைக்குத் துணை நிற்கும் அமைப்பை அப்படி அறிவிக்க முடியாது என்று 2020 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனத் தண்ணீருக்குச் சாலையில் உட்கார்ந்தால் அதற்காகப் பதிவு போகாது. உட்கார்ந்தவர்களின் சாப்பாட்டுச் செலவை மட்டும் வெளிநாட்டுப் பணக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்த நாள் முதல் ரொக்கம் தூக்கிக்கொண்டு போவதை நிறுத்திவிடுவது நல்லது. 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் இருந்தால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். குழுக் கடன் பணம் என்று வாய்ச் சொல்லாகச் சொன்னால் எடுபடாது, வங்கியில் எடுத்த சீட்டு, குழுத் தீர்மானத்தின் நகல், ஊழியரின் அடையாள அட்டை மூன்றும் பையிலேயே இருக்க வேண்டும்.

எஃப்சி-4 ஆண்டறிக்கைக்குக் கடைசி நாள் டிசம்பர் 31. வருடம் முழுக்க ஒரு பைசா வராவிட்டாலும் பூஜ்ஜியம் என்று போட்டே ஆக வேண்டும். பணம் கொடுத்தவர் பெயர், நாடு, நோக்கம் எல்லாம் கேட்கும் படிவம் அதுதான். நவம்பரிலேயே முடித்துவிடுங்கள், கடைசி வாரத்தில் இணையதளம் சுற்றிக்கொண்டே இருக்கும்.